அரியலூர்க் கல்நத்தைகளைப் படித்தவர்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தில் மழைநீர் அரித்த ஓடைச் சரிவுகளில், ஆட்டுக்கடாக் கொம்பு போல் சுருண்ட கற்கள் கிடைக்கும். கணவாய் மீனுக்கு உறவான அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடுகள் அவை. அங்கிருந்து கடற்கரை இன்று ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கேயே இருந்தது.

அந்த ஓடுகளை இனம் பிரித்துப் பெயரிட்டவர்களில் முதன்மையானவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838இல் பிறந்தவர். வியன்னாவில் படித்தார். 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார்.

களப்பணியை அவருக்கு முன்பே ஹென்றி பிளான்போர்ட் செய்திருந்தார். திருச்சி வட்டாரத்துக் கடல்படிவுப் பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நிலவியல் மாணவர்கள் இன்றும் படிப்பது அந்தப் பெயர்களைத்தான். இதே பிளான்போர்ட் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.

எந்த அடுக்கு எந்தக் காலத்தது? அதற்கு விடை ஓடுகளில் இருந்தது. அம்மோனைட்டுகள் கடல் கடந்து பரவின. வேகமாக இனம் மாறின. ஓர் இனம் கொஞ்ச காலமே வாழ்ந்து மறைந்துவிடும். ஆகவே ஒரே இனம் ஊட்டத்தூரிலும் ஐரோப்பாவிலும் கிடைத்தால், இரண்டு பாறைகளும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. கதிரியக்கத்தால் வயது கணிக்கும் முறை பிறக்காத காலத்தில் இதுவே நம்பகமான வழி. ஓட்டின் சுருள், மேல்வரிகள், உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் இலைநரம்பாய் நெளியும் கோடு என ஒவ்வொன்றையும் ஸ்டோலிச்கா ஒப்பிட்டார். அம்மோனைட்டோடு நிற்காமல் நத்தை, இருவோட்டுச் சிப்பி, பவளம் என்று தொடர்ந்தார். பிளான்போர்ட் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிர்களின் வருணனை அவர் கையில் நான்கு தொகுதிகளாக 1873இல் நிறைவுற்றது. ஏறத்தாழப் பத்தாண்டு காலத்தில் ஒரு மனிதர் செய்த வேலையா என்று மலைக்க வைக்கும் உழைப்பு.

அதற்கிடையே 1864, 1865ஆம் ஆண்டுகளில் இமயமலை ஏறினார். ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் அடுக்குகளுக்கு முத், லிலாங், சிக்கிம் என அங்குள்ள ஊர்ப் பெயர்களையே வைத்தார். இந்தச் சிக்கிம் ஸ்பிட்டியில் உள்ள சிற்றூர். கிழக்கே உள்ள மாநிலம் அல்ல. பறவைகளையும் பல்லிகளையும்கூட அவர் ஆராய்ந்தார்.

அந்த உயர்மலையே அவர் உயிரைப் பறித்தது. யார்கண்ட் தூதுக்குழுவோடு மத்திய ஆசியா சென்று திரும்பும் வழியில், 1874 ஜூன் 19 அன்று லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயது 36. லே நகரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1890களில் வியன்னா ஆய்வாளர் பிரான்ஸ் கோஸ்மாட் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்து சில பெயர்களைத் திருத்தினார். அந்தத் திருத்தத்துக்கும் அடித்தளம் ஸ்டோலிச்காவின் விளக்கங்களும் படங்களுமே. அவர் வருணித்த அதே கடலின் சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சுரங்கங்களில் வெளிப்படும் ஓடுகள் அரைபடுவதற்கு முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் எடுத்துப் பாதுகாக்க வேண்டும்; அவற்றில் இன்னும் பெயரிடப்படாத இனங்கள் இருக்கலாம்.