உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஒரு எண்... காளிகாட் கறுப்பே மாறிப்போகும்!

கொல்கத்தா காளிகாட் கோயிலைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டில் பட்டுவா ஓவியர்கள் படம் வரைந்து விற்றார்கள். அவர்களுடைய கறுப்பு வண்ணம் எதிலிருந்து வந்தது தெரியுமா? எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து!

அந்தப் படங்களில் 600-க்கும் மேற்பட்டவை இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பெரிய கொத்தை 1917-இல் அங்கே கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். ஆமாம், மோக்லி கதை எழுதினாரே, அவரேதான்!

அப்படி ஒரு படத்தைத் தொழிற்சாலைக் கேமரா முன்னால் வையுங்கள். பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா, மாத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்க்குமே, அந்தக் கேமராதான். அது கறார் பேர்வழி. வெளிச்சம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. கூடவும் கூடாது, குறையவும் குறையாது!

நம் கண் அப்படியா? விழுகிற ஒளியில் வெறும் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் பார்த்து, ‘கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி’ என்று சொல்லும்! கேமராவோ, முழு வெள்ளைக்கு 255 என்றால், அதே அட்டைக்கு 46 மார்க்தான் போடும்!

அந்த 46-ஐ அப்படியே கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்பினால் கூத்து. திரை தன் பங்குக்கு அதை இன்னும் அமுக்கும். 18 சதவீதம் சுருங்கி 2.3 சதவீதம்! ஓவியத்தின் சாம்பல் நிழலெல்லாம் விளக்குக்கரியோடு கரியாகிவிடும்!

இங்கேதான் ‘காமா’ என்ற அந்த ஒரே ஒரு எண் வருகிறார். கேமரா அமைப்பில் 0.45 என்று தட்டுங்கள். 46 துள்ளி எழுந்து 118 ஆகும்! 128 ஏறி 187 ஆகும்! ஆனால் 0-வும் 255-உம்? இம்மியும் நகராது!

காமா டிஜிட்டல் காலத்துச் சரக்கு என்று நினைத்தீர்களா? ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் ஃபிலிமின் கறுப்பு ஏறுவதை வளைகோடாக வரைந்து கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1890! அந்தக் கோட்டின் சரிவுக்குத்தான் காமா என்று பெயர்!

பழைய குண்டு டிவியின் படக்குழாயும் இருட்டை அமுக்கும் ஜாதிதான். வீட்டுக்கு வீடு டிவிக்குள் திருத்தம் வைத்தால் செலவு எங்கே போவது? அதனால் ஒளிபரப்புகிற பக்கத்திலேயே, கேமராவில் திருத்தி அனுப்பினார்கள். கல்கத்தா தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 9. நம் சென்னைக்கு அதே மாதம் 15. இரண்டு ஊரிலும் வீட்டுப் பெட்டிக்கு வந்தது காமா போட்ட படம்தான்!

இப்போது ஒரு பகீர் தகவல். 0 முதல் 255 வரை போகும் 8 பிட் படத்தை எடுத்து முடித்த பிறகு 0.45 போட்டால், 0-வுக்கு அடுத்த 1 ஒரே தாவலில் 21-க்குப் போய்விடும்! அதற்கு அடுத்த 2 போய் நிற்பது 29-இல்! நடுவில் இருக்கிற சாம்பல் படிகள் அத்தனையும் காலி! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 12 பிட்டில், கேமராவுக்குள்ளேயே இந்த வேலையை முடிக்கிறார்கள். அங்கே படிகள் எத்தனை? 4,096!

இன்னொன்று கேளுங்கள். பொருளின் அகலத்தை அளக்கிற கேமராவில் காமா போடவே கூடாது! விளிம்பு என்று மென்பொருள் நடு எண்ணான 128-ஐப் பிடிப்பதாக வையுங்கள். 2.2 காமாத் திருத்தம் (1-ஐ 2.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அதே 0.45தான்) போட்ட படத்தில் அந்த 128-க்கு உரிய உண்மை வெளிச்சம் 56-தான். விளிம்பு வெளியே தள்ளிப்போய், வெள்ளைப் பொருள் உட்கார்ந்த இடத்திலேயே குண்டாகிவிடும்!

மறுபடி கொல்கத்தாவுக்கே வருவோம். இந்தியாவின் முதல் தேயிலை ஏலம் நடந்தது அங்கேதான், 1861 டிசம்பர் 27-இல்! இன்று தேயிலைத் தொழிற்சாலைகளில் கறுத்த தூளுக்குள் ஒளிந்திருக்கும் பழுப்புக் காம்பைப் பிடிப்பது கேமரா. பிடித்த நொடியில் ‘புஸ்’ஸென்று காற்றடித்துத் தள்ளிவிடும்! அத்தகைய இயந்திரங்கள் நம் கோவையிலேயே தயாராகின்றன. கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் எண்களில் எந்தப் பக்கம்? அடிமட்டத்தில்! அங்கே காமாவால் இடைவெளியை விரிக்கலாம். ஆனால் இரைச்சல் புள்ளிகளும் கூடவே விரியும்! லைட்டைக் கூட்டாமல் காமாவைக் கூட்டுவது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.

மங்கல் ஒளியில் கண் கேமராவை முந்திய கதையும் கொல்கத்தாவில்தான். பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடம். 1928 பிப்ரவரி 28. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் தன் பெயர்பெற்ற ஒளிச்சிதறலை அங்கே உறுதிப்படுத்தினார். அந்த மங்கலான ஒளியை முதலில் கண்டுகொண்டது எது தெரியுமா? கேமரா இல்லை, வெறும் கண்! நிறமாலை ஃபோட்டோவில் பதிவானது அதற்குப் பிறகுதான். 1930-இல் நோபல்!

கடைசியாக ஒரு பொறி. எல்லாக் கேமராவிலும் 2.2 என்றால் ஒரே அர்த்தம் என்று நம்பிவிடாதீர்கள்! சிலவற்றில் அது படத்தை வெளுக்கும். சிலவற்றில் கறுப்பாக்கும். உங்கள் கேமரா எந்த ரகம்? காமாவை 1-இல் வைத்து, சாம்பல் அட்டை 128 காட்டும்படி வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு 2.2 என்று தட்டுங்கள். 186 வந்தால் ஒரு ரகம், 56 வந்தால் இன்னொரு ரகம். எது வந்ததோ, அதைக் கேமரா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்!