உப்பு வெள்ளையா, நீலமா? வீட்டிலேயே செய்யலாம் கலர் கிரேடிங்!

முத்து வாங்குபவர்கள் அதன் நிறத்தை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் பல்பின் கீழ் வைத்தால் சாதாரண முத்தும் பொன்னிறமாகத் தெரியுமே! எங்கள் தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார்கள். தொழில் மாறினாலும் பாடம் மாறவில்லை. நிறத்தைப் பார்க்கும் முன் வெளிச்சத்தைச் சரி பார்க்க வேண்டும். சினிமாவில் கலர் கிரேடிங் செய்பவர்களுக்கும் இதுதான் முதல் பாடம்.

கலர் கிரேடிங் என்றால் என்ன?

படம் பிடித்து, எடிட்டிங் முடித்த பிறகு ஒவ்வொரு காட்சியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் வேலைதான் கலர் கிரேடிங். பிலிம் காலத்தில் இதைச் சென்னையில் பிரசாத், ஜெமினி போன்ற லேப்களில் செய்தார்கள். பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல விளக்குகளின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். இதனால் முழுப் படத்தின் நிறத்தையும் மாற்றலாம். முகத்தை மட்டும் மாற்ற முடியாது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுவும் முடிந்தது. 2000-ல் வெளியான ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்ற ஹாலிவுட் படத்தில், கோடைக்காலத்தின் பச்சைப் பசேல் மரங்களைக் கம்ப்யூட்டரில் காய்ந்த பழுப்பு நிறமாக மாற்றினார் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். இந்த முறைக்கு டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியேட்) என்று பெயர். தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘டி.ஐ. கலரிஸ்ட்’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகுமே என்கிறீர்களா? ஒரு காலத்தில் ஆனது. ‘டாவின்சி’ கிரேடிங் கருவிகள் லட்சக்கணக்கான டாலர் விலை கொண்டவை. 2009-ல் அந்த நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. 2011-ல் ‘டாவின்சி ரிசால்வ்’ சாப்ட்வேரின் இலவசப் பதிப்பை வெளியிட்டது. இன்றும் இலவசப் பதிப்பு கிடைக்கிறது. வீட்டு வீடியோக்களுக்கு அதுவே தாராளம். 16 ஜிபி ராமும், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் போதும்.

முதலில் மானிட்டரைச் சரி செய்யுங்கள்

மானிட்டர் நீலம் கூட்டிக் காட்டினால், நீங்கள் மஞ்சளைக் கூட்டிவிடுவீர்கள். அதே வீடியோவை டிவியில் போட்டால் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை வந்தது போல் இருக்கும்! எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. விண்டோஸில் ‘நைட் லைட்’ வசதியை ஆப் செய்திடுங்கள். இது திரையை மஞ்சளாக்கும்.

2. மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி, ‘விவிட்’, ‘கேம்’, ‘மூவி’ போன்ற மோட்களை விட்டு ‘எஸ்ஆர்ஜிபி’ மோடைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால் கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வின் என்று வையுங்கள். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இதுதான் பொதுவான வெள்ளை.

3. பிரைட்னஸை முழுவதும் ஏற்றாதீர்கள். வீட்டு மானிட்டர்கள் 250 நிட்ஸ், அதற்கு மேலும் வெளிச்சம் தரும். சாதாரண டிவி வீடியோவுக்கு கலரிஸ்ட்கள் பயன்படுத்துவது 100 நிட்ஸ்தான். தியேட்டர் திரைக்கு 48 நிட்ஸ்!

4. ஸ்டார்ட் மெனுவில் ‘கேலிப்ரேட் டிஸ்ப்ளே கலர்’ என்பதைத் தேடி கிளிக் செய்தால், திரையைச் சரி செய்ய விண்டோஸே படிப்படியாக வழி காட்டும். திரையின் மேல் வைத்து நிறத்தை அளக்கும் கருவிகளும் விற்கின்றன. தொழிலாகச் செய்பவர்களுக்கு அவை தேவைப்படும்.

புதிதாக மானிட்டர் வாங்குவதாக இருந்தால் ‘ஐபிஎஸ்’ பேனல் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது.

கண்ணை நம்பாதீர்கள், ஸ்கோப்பை நம்புங்கள்

நம் கண் விரைவில் பழகிவிடும். நீலமான படத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் அதுவே வெள்ளையாகத் தோன்றும். இதற்காகத்தான் ரிசால்வில் ‘ஸ்கோப்’ என்ற அளவு காட்டும் படங்கள் உள்ளன. ஓர் உதாரணத்துடன் பார்க்கலாம்.

என் பெரியப்பா பல ஆண்டுகள் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவர் உப்பு வாரும் காட்சியை, மதிய வெயிலில் செல்போனில் எடுத்திருந்தார்கள். உப்புக் குவியல் நீலமாகவும், பெரியப்பாவின் முகம் வெறும் நிழலாகவும் இருந்தது. சுற்றிலும் வெள்ளை இருந்ததால் போன் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. போனில் இருந்த ஆட்டோ பில்டரைப் போட்டால் முகம் வெளுத்து, உப்பும் வானமும் ஒன்றாகக் கரைந்து போயின.

இதை ரிசால்வில் சரி செய்த முறை இதுதான்:

1. வீடியோ பைலை ‘எடிட்’ பக்கத்தில் டைம்லைனுக்கு இழுத்துப் போடவும். பிறகு கீழே உள்ள ‘கலர்’ பட்டனை கிளிக் செய்யவும்.

2. ஸ்கோப்பைத் திறந்து ‘பரேடு’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரைபடங்கள் தெரியும். அளவு 0 முதல் 1023 வரை. வெயில் படும் உப்பின் மேல் முனையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே நீலம் உயர்ந்து நின்றது. ‘டெம்ப்’ அளவைக் கூட்டியதும் மூன்றும் சமமாகின. உப்பு வெள்ளையானது.

3. ‘கெயின்’ வெளிச்சமான பகுதிகளையும், ‘காமா’ நடுத்தரப் பகுதிகளையும், ‘லிப்ட்’ இருட்டான பகுதிகளையும் மாற்றும். கெயினை வைத்து உப்பை 950-க்குள் நிறுத்தினேன். 1023-ஐத் தொட்டு வெட்டுப்பட்டால் உப்புப் பரல்கள் தெரியாமல் போய்விடும்.

4. ‘பவர் விண்டோ’வில் வட்டத்தைத் தேர்ந்தெடுத்து முகத்தைச் சுற்றிப் போட்டு, ஓரத்தை மென்மையாக்கி, காமாவை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். ‘டிராக்கர்’ பட்டனை அழுத்தினால் முகம் நகரும்போது வட்டமும் கூடவே நகரும்.

5. ‘டெலிவர்’ பக்கத்தில் எச்.264 பார்மட்டில் எம்பி4 பைலாக சேவ் செய்தேன்.

கறுப்பு ஒரு தவறு அல்ல

இங்கேதான் மிக முக்கியமான விஷயம் வருகிறது. முகத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது? பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் லேப் சரி என்று அர்த்தம். கறுப்பு முகங்கள் விவரம் இல்லாமல் இருண்டு போனதைப் பற்றி அப்போது பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்று போனில் உள்ள ‘பியூட்டி’ பில்டர்களும் வேறு வழியில் அதையே செய்கின்றன. வெளுத்தால்தான் அழகு என்று முடிவு கட்டிவிடுகின்றன.

உண்மையில் ‘வெக்டர்ஸ்கோப்’பில் பார்த்தால் ஓர் ஆச்சரியம். அதில் தோல் நிறத்துக்கு என்று ஒரு கோடு உண்டு. வெள்ளையர், மாநிறத்தவர், கறுப்பர் என எல்லோருடைய தோலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும்! பெரும்பாலும் வேறுபடுவது வெளிச்ச அளவும் நிறத்தின் அடர்த்தியும்தான். எனவே முகம் கோட்டை விட்டு பச்சைப் பக்கம் போயிருந்தால் திருத்துங்கள். கறுப்பாக இருப்பதை மட்டும் திருத்தாதீர்கள். கண்ணும் கன்னத்துச் சுருக்கமும் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் ஏற்றினால் போதும்.

இரண்டு வீடியோக்களையும் டிவியில் போட்டுக் காட்டியபோது பெரியம்மா, “முதல்ல போட்டது யாரோ மாதிரி இருக்கு. இதுதான் உங்க பெரியப்பா” என்றார்.

இன்னும் சில டிப்ஸ்

* எல்லா மஞ்சளும் தவறல்ல. பனிமய மாதா திருவிழா இரவு வீடியோவில் விளக்குகளின் மஞ்சளை முழுவதும் எடுத்துவிட்டால் திருவிழாக் களையே போய்விடும். மாலை வெயிலும் அப்படித்தான்.

* ‘ஷிப்ட்’டுடன் ‘டி’ கீயை அழுத்தினால் திருத்தம் இல்லாத படம் தெரியும். அடிக்கடி ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையை விட்டுக் கண்ணை எடுங்கள்.

* ஜன்னல் வெயில் திரையில் விழும் இடத்தில் உட்கார்ந்து கிரேடிங் செய்யாதீர்கள்.

* போன்களும் வீட்டு மானிட்டர்களும் பெரும்பாலும் காட்டுவது 8 பிட் கலர், அதாவது 1.67 கோடி நிறங்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும், 8 பிட் வீடியோவை அளவுக்கு மீறி இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். எனவே கொஞ்சமாகவே திருத்துங்கள்.

* முடித்த வீடியோவை டிவியிலும் போனிலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

* ஒரிஜினல் பைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். தனி போல்டரில் ஒன்றும், வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுமாக வையுங்கள். பில்டர்கள் நாளை மாறிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் அந்தப் பைலில்தான் இருக்கிறது.