உங்களுக்குத் தெரியுமா? பலர் கைபட எழுதும் ஒரே நிரல்

● யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் கருவிகளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவற்றில் மூத்தது எஸ்சிசிஎஸ். பெல் லேப்ஸில் வேலை பார்த்த மார்க் ரோச்கைண்ட் 1972-ல் எழுதியது.

● 1980-களின் தொடக்கத்தில் வந்த ஆர்சிஎஸ்ஸில், ஒருவர் ஒரு ஃபைலைப் பூட்டி எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் அவர் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் டிக் க்ரூனும் அவருடைய மாணவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவர் அலுவலக நேரம் தவறாமல் வருவார், இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது, க்ரூனுக்கோ மாலையில்தான் ஓய்வு. பூட்டு வைத்தால் வேலை ஓடாது. மூவரும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் கை வைக்க வழி தேடினார் க்ரூன். அப்படிப் பிறந்ததுதான் 1986-ல் வெளியான சிவிஎஸ். இன்று நாம் தினமும் செய்யும் மெர்ஜ் எல்லோருக்கும் பழக்கமானது அதன் பிறகுதான்.

● இன்று உலகமே பயன்படுத்தும் கிட் ஒரு நெருக்கடியில் உருவானது. லினக்ஸ் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியைப் பயன்படுத்தி வந்தது. 2005 ஏப்ரலில் அதன் இலவச உரிமம் கைவிட்டுப் போனது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் நிரலே கிட்டுக்குள் சேமிக்கப்பட்டது. சில மாதங்களில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். தொடங்கியவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த ஆண்டு ஜூலை முதல் இத்தனை ஆண்டுகளாக அதைக் கட்டிக்காத்து வருபவர் ஹமானோதான். அவர் பெயரையும் நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

● ஒரே ஒரு சமக்குறியால் லினக்ஸுக்குள் நுழையப் பார்த்தார்கள்! நடந்தது 2003 நவம்பரில். கெர்னலின் மூல நிரல் அப்போது பிட்கீப்பரில் இருந்தது. அதை விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ்ஸில் ஒரு நகல் இருந்தது. யாரோ அந்த நகலுக்குள் புகுந்து இரண்டு வரி சேர்த்தார்கள். மேலோட்டமாகப் படித்தால், "பயனரின் எண் பூஜ்யமா?" என்று சோதிக்கும் வரி. சி மொழியில் ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும். அங்கே இருந்தது ஒன்று. அதனால் அந்த வரி சோதிக்கவில்லை, பயனரின் எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிடும். பூஜ்யம் என்றால் ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம். கண்ணால் படித்தால் தப்பிப்போயிருக்கக்கூடிய வரி அது. மூலத்தில் இல்லாத ஒரு மாற்றம் நகலில் மட்டும் இருந்ததால் சிக்கிக்கொண்டது. செய்தவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

● கிட் இந்தப் பாதுகாப்பை அடித்தளத்திலேயே வைத்துக்கொண்டது. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாளம். நிரலின் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், முந்தைய கமிட்டின் அடையாளம் எல்லாம் சேர்ந்து கணக்கிடப்படுவது அது. பழைய கமிட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் அத்தனை அடையாளங்களும் மாறிவிடும். க்ளோன் செய்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருப்பதால், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

● இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றினால்? ஒருவர் காத்திருப்பு நேரத்தை 30 விநாடி என்றும், இன்னொருவர் 60 என்றும் எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். கிட் யார் பக்கமும் சாயாது. ஃபைலுக்குள்ளேயே <<<<<<< என்று போட்டு 30-ஐயும், ======= என்று கோடு கிழித்து 60-ஐயும், கடைசியில் >>>>>>> என்றும் வைத்துவிட்டு நின்றுகொள்ளும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். அந்த இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 60 என்று போட அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

● லினக்ஸ் கெர்னலில் ஒரே கமிட்டில் 66 கிளைகளை மெர்ஜ் செய்த நிகழ்வும் உண்டு.

● ஆயிரம் கமிட்டில் எதில் பிழை நுழைந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து சோதனை போதும். பத்து லட்சம் என்றால் இருபது. கிட் பைசெக்ட் ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள கமிட்டைக் காட்டி "இது சரியா, தப்பா?" என்று கேட்டு, பாதியைக் கழித்துக்கொண்டே போகும். கண்டுபிடித்த கமிட் ஐந்து வரி மாற்றமாக இருந்தால் பிழையும் கையில் கிடைத்த மாதிரிதான். ஐயாயிரம் வரியாக இருந்தால் தேடல் அங்கேதான் ஆரம்பம். சின்னச் சின்னதாகக் கமிட் செய்யச் சொல்லி சீனியர்கள் நச்சரிப்பது இதற்குத்தான்.

● எழுதியவர் யார் என்பதை கிட் ப்ளேம் சொல்லும். ஏன் எழுதினார் என்பதை அது எங்கிருந்து சொல்லும்? கமிட் மெசேஜில் நாம் எழுதியிருந்தால்தான் உண்டு. கெர்னல் குழுவினர் இதில் ரொம்பக் கறார்: முதல் வரியில் சுருக்கம், ஒரு வரி இடைவெளி, பிறகு காரணம். பிழை திருத்தம் என்றால், அந்தப் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளத்தையும் குறிப்பிடச் சொல்கிறார்கள். "அப்டேட்", "ஃபிக்ஸ்" என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போவது, நமக்குப் பின்னால் வரப்போகிறவருக்கு நாம் செய்யும் அநியாயம். காரணத்தை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

● தெரியாமல் பாஸ்வேர்டைக் கமிட் செய்து புஷ் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள் பலர். போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், அதற்குள் யாராவது க்ளோனும் செய்திருக்கலாம். முதல் வேலை பாஸ்வேர்டையே மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு.

● 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவியில் ஒளித்து வைத்த பின்கதவு பிடிபட்டது. ரிமோட் லாகின் அரை விநாடி தாமதமாவதை விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். கவனிக்க வேண்டியது ஒன்று. பின்கதவை இயக்கிவைக்கும் ஸ்கிரிப்ட் வரி கிட் ரெப்போவில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. எல்லோர் கண்ணும் படும் இடத்தில் அதை வைக்க, செய்தவர்களுக்குத் துணிவில்லை போலும்.

● ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் ஸ்டேட்டஸில் \340\256 என்று எண்களாகக் கொட்டுகிறதா? ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அப்படிக் காட்டுவது கிட்டின் இயல்பு. கான்ஃபிக்கில் கோர் பிரிவில் க்வோட்பாத் (quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் பெயர் தமிழிலேயே தெரியும். கமிட் மெசேஜைத் தமிழில் எழுத எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை.