கடற்காற்றும் ஒலிவாங்கியும்

புத்தளம் மாவட்டத்து உடப்பில் திரௌபதை அம்மன் திருவிழா நிகழும் ஆடி மாதம், தென்மேற்குக் காற்று வலுத்து வீசும் காலமுமாகும். அத்தகைய கடற்கரையில், திறந்தவெளியில் ஒலிக்கும் நாதசுரத்தையும் தவிலையும் பதிவு செய்ய எந்த ஒலிவாங்கி ஏற்றது?

ரிப்பன் ஒலிவாங்கி இனிமையானது. ஆயினும் அதனுள் இருக்கும் மெல்லிய அலுமினிய நாடா பலத்த காற்றில் தொய்ந்துவிடும். கண்டென்சர் ஒலிவாங்கி நுண்ணொலிகளையும் கவரும். உப்பீரம் படிந்தாலோ மின்கசிவு ஏற்பட்டு இரைச்சல் எழக்கூடும். டைனமிக் ஒலிவாங்கி நுட்பத்திற் சற்றுக் குறைந்தாலும், ஈரத்தையும் பேரொலியையும் தாங்கும்.

இனி, திசையைக் கவனிப்போம். ஒரு திசையொலியை மட்டும் விரும்பி ஏற்கும் ஒலிவாங்கி, கூட்டத்தின் ஆரவாரத்தைக் குறைக்கும். ஆனால் காற்றின் உறுமலைப் பெரிதாக்கும். எத்திசை ஒலியையும் ஏற்கும் வகை, காற்றுக்கு அவ்வளவு அசையாது. ஆரவாரத்தை அது விலக்காதே எனின், அதனைக் கலைஞருக்கு அருகே வைத்தலே பரிகாரம். தூரத்தைப் பாதியாக்கினால் இசை 6 டெசிபெல் உயரும்; காற்றிரைச்சலும் ஆரவாரமும் உயர்வதில்லை. நுரையுறை ஒன்றையும் அணிவித்தல் வேண்டும்.

ஆகவே, கடற்கரைக்கு நுரையுறையணிந்த, எத்திசையும் ஏற்கும் டைனமிக் ஒலிவாங்கியே தக்க துணை. திருவிழா இரவில் எழுந்த இராகம் மறுநாள் அவ்வாறே மீண்டும் எழாது. காற்று அதனை மூடிவிட்டால், பின்னர் எக்கருவியாலும் முழுமையாக மீட்டல் அரிது.