நெடுஞ்சாலைக் கரையிலே – 9: கிண்ணத்தில் மணந்த மாசி

சென்ற வாரம் கொரியாக்காரர்களின் போஜன சாலைகளைப் பற்றி எழுதிவிட்டு ஜப்பானியரை மட்டும் ஏன் மறந்தீர் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மறக்கவில்லை, அதற்கு ஒரு வாரம் முழுதும் வேண்டுமென்று தனியே எடுத்துவைத்திருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கத்துக் கடைப் பலகைகளில் கொரிய எழுத்து ஏறிற்று என்றால், ஒரகடத்தில் கொமாட்சுவும், 2010இல் ரெனோ–நிஸான் ஆலையும், பின்னர் வல்லம் வடகாலில் யமஹாவும் வந்தபிறகு, குடும்பத்தை ஒஸாகாவிலோ நகோயாவிலோ விட்டுவிட்டு இரண்டு மூன்று வருஷ உத்தியோகத்துக்காக இங்கே வந்து சேர்ந்த எஞ்சினியர்களின் நாக்கைத் திருப்தி செய்ய ஜப்பானிய அடுப்புகளும் ஒவ்வொன்றாக மூண்டன.

மண்ணூரில் என் வீட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், டயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது நாங்கள் போன கடை. ஆறே மேஜை. நாங்கள் நால்வர்: அடியேன்; உதிரிபாக ஆலையொன்றில் தரப் பரிசோதனை பார்க்கும் தூத்துக்குடிச் சிநேகிதர்; எம்பெருமானாரின் அவதார ஸ்தலத்திலேயே பிறந்து வளர்ந்து, பள்ளி உபாத்தியாயராக இருந்து ஓய்வுபெற்ற வைஷ்ணவர்; சூளைமேட்டில் ஜப்பானிய மொழி கற்று இப்போது கம்பெனியொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் இளைஞர். இந்தக் கடைசி ஆளை நாங்கள் ‘துபாஷி’ என்றுதான் அழைப்போம். பழைய சென்னைப் பட்டணத்தில் பெரிய சொத்துச் சேர்த்த உத்தியோகம் அது என்று சொன்னால் அவர் தம் சம்பளத்தை நினைத்துச் சிரிப்பார்.

அங்கே ‘தெய்ஷோகு’ என்கிறார்கள்; நம் ஓட்டல் பாஷையில் சொன்னால் அளவுச் சாப்பாடு. ஒரு தட்டில் சோறு, ஸூப், ஊறுகாய், அன்றைக்குரிய ஒரு பதார்த்தம், எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில், ஒன்றையொன்று தொடாமல் சந்நிதியில் நிற்பதுபோல் வந்து நின்றன. உண்ணத் தொடங்குமுன் கை கூப்பி ‘இதாதாகிமாஸ்’ என்பது அவர்கள் வழக்கம் என்றும், ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள் என்றும் துபாஷி விளக்கிக்கொண்டிருந்தபோதே, வைஷ்ணவர் உள்ளங்கையில் நீர் எடுத்துச் சோற்றைச் சுற்றிப் பரிசேஷணம் செய்து முடித்துவிட்டு, மிதக்கும் பச்சை இலையையும் வெண்மையான சோயாக்கட்டித் துண்டுகளையும் பார்த்து இது சுத்த சைவம் என்று தீர்மானித்தவராய், ஸூப் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார்.

“ஓய், கீழ வையும்! மாசி வாசம் அடிக்குவே!” என்றார் தூத்துக்குடிக்காரர்.

கிண்ணம் உதட்டுக்கு இரண்டங்குலத்தில் நின்றது. துபாஷி உள்ளே போய் விசாரித்து வந்து தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்: புளிக்கவைத்த சோயா விழுதான மிஸோவில் தோஷமில்லை, அதைக் கரைத்த நீரில்தான் மீன் இருந்தது.

அந்த நீருக்கு ‘தாஷி’ என்று பெயர். கொம்பு என்னும் கடற்பாசியையும், ‘கட்சுஓபுஷி’ என்னும் உலர்ந்த மீனின் சீவல்களையும் வெந்நீரில் இட்டு வடித்தெடுப்பது; நமக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி, அவர்கள் சமையலில் முக்காலே மூன்று வீசம் அதன்மேல்தான் நிற்கிறது. சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, பலமுறை புகையிலிட்டு, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்துகிறார்கள். பிறகு தச்சன் இழைப்புளிபோன்ற ஒரு பெட்டியில் அதைச் சீவுகிறார்கள். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதே சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தால் அதுவே மாசி. உரலில் இடித்துச் சம்பலில் தூவாத இலங்கை அடுக்களை அபூர்வம். தென்பாண்டிக் கடற்கரைக்கும் அது அந்நியமன்று. 1343இல் மாலத்தீவுக்கு வந்து காஜியாக உத்தியோகம் பார்த்து, பிறகு மதுரை சுல்தான் தர்பாருக்கும் வந்துபோன இபன் பதூதா, இந்த மீனை ஓலைக் கூடைகளில் வைத்துப் புகையிடுவதையும், இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அது கப்பலேறுவதையும் எழுதிவைத்திருக்கிறார்.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று தோக்கியோவின் ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் பல்லாண்டு வாதித்தார். பொற்கோவும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் அவரோடு உழைத்தார்கள். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தூத்துக்குடி மூக்கு ஒன்று ஜப்பானியக் கிண்ணத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டதற்கு மட்டும் நான் சாட்சி.

அந்த மூக்கு பிடித்தது என்ன என்பதற்கு ரஸாயன சாஸ்திரத்திலும் விடை இருக்கிறது. 1908இல் இகேதா கிகுனாயே என்ற தோக்கியோப் பேராசிரியர் கொம்புப் பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்காத இந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். உலர்மீனில் உள்ளது இனோசினேட் என்று அவருடைய மாணவர் கொதாமா 1913இல் கண்டார். அறுசுவையென்று எண்ணிவைத்த நம் பெரியோர் இதை எதில் சேர்த்திருப்பார்கள் என்று நான் கேட்டதற்கு, “சேர்த்திருக்கவே மாட்டார்கள்” என்று வைஷ்ணவர் சுருக்கமாகப் பதில் சொன்னார். இகேதாவின் உப்பு 1909இல் கடைக்கு வந்தபோது பெற்ற பெயர்தான் அஜினமோட்டோ, ‘சுவையின் மூலம்’. ஒரகடம் கூட்டுரோட்டில் ராத்திரி வேளையில் ஃப்ரைட் ரைஸ் கிளறும் தள்ளுவண்டிக்காரருக்கு வேறு ஜப்பானியச் சொல் தெரியுமோ தெரியாதோ, இது தெரியும்.

வைஷ்ணவர் பட்டினியா என்று வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். பஜ்ஜிக்குத் தம்பிபோலிருந்த தெம்புராவின் மாவில் முட்டை இருந்ததால் அதுவும் நீங்கிற்று. கடைசியில், குழையாமலே ஒட்டிக்கொள்ளும் அந்த வெண்சோற்றோடு ‘உமேபோஷி’ என்ற உப்பூறுகாயை விண்டு விண்டு சாப்பிட்டு, நார்த்தங்காய்க்கு இது ஒன்றுவிட்ட சகோதரம் என்று அபிப்பிராயம் சொன்னார். அந்நாட்டு பௌத்த மடங்களில் மீனை விலக்கி, பாசியும் உலர்காளானும் மட்டும் இட்டு ஸூப் வைக்கும் சம்பிரதாயம் உண்டென்று துபாஷி தெரிவித்ததும், “அதை முதலிலே சொல்லப்படாதோ?” என்று அவரைக் கடிந்துகொண்டார்.

போன சனிக்கிழமை மறுபடி போயிருந்தோம். தூத்துக்குடிக்காரர் ஊரிலிருந்து தருவித்த மாசித் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஜப்பானியச் சமையற்காரர் அதை விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், உள்ளே கொண்டுபோய்ச் சீவி வெந்நீரில் போட்டு ஒரு சிறு கோப்பையில் எடுத்துவந்து எங்கள் எதிரிலேயே ருசித்தார். வெகுநேரம் யோசித்து ஏதோ சொல்லிக் குனிந்து வணங்கினார். துபாஷி தயங்கினார்.

“என்னவே சொல்லுதாரு?”

“வாசனை ரொம்ப நல்லா இருக்காம், அண்ணாச்சி. உப்புதான் கொஞ்சம் கூடவாம்.”

“கடல் தண்ணியில அவிச்சா உப்பா இருக்காம சீனியாவா இருக்கும்? கேளும்.”

துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.