உங்களுக்குத் தெரியுமா? பூஜ்யத்தில் நின்றாலும் பூஜ்யம் வராது!

லண்டன் கிரீனிச் வானாய்வகத்தில் பதித்திருக்கும் பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டின்மேல் நின்றால் கையடக்க ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டாது, மேற்கே 5.3 கோண விநாடி என்று காட்டும். பூஜ்யத்தைப் பிடிக்க இன்னும் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் நடக்க வேண்டும். கருவிக் கோளாறு என்பீர்கள். திறந்தவெளியில் ஜிபிஎஸ் பிழை சில மீட்டர்தான்; அதுவும் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று சிதறும். இங்கோ எல்லாக் கருவிகளும் ஒரே திசையில், ஒரே அளவு விலகுகின்றன. (அணைத்துப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.)

அப்படியானால் கோடு நகர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. 1851-இல் இந்தக் கோட்டை வகுத்த வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் (Airy) தொலைநோக்கிக்குச் செங்குத்தைக் காட்டியது ஒரு தொட்டிப் பாதரசம். அவ்விடத்தில் புவியீர்ப்பின் திசை இம்மியளவு சாய்வு. பாதரசமும் கூடவே சாய்ந்தது. ஜிபிஎஸ்ஸோ பூமியின் நிறைமையத்தை வைத்து அளக்கிறது.