தூக்கும் முன்பே சொல்ல வேண்டும்

பொறியியல் மாணவர்களின் மாதிரி விமானப் போட்டி என்றதும், ரிமோட்டும் கையுமாக வானத்தை அண்ணாந்து பார்க்கும் இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அங்கே முதலில் சோதிக்கப்படுவது முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் திறமை. அமெரிக்காவில் 1986 முதல் நடந்துவரும், பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் 'ஏரோ டிசைன்', 1996-97இல் தொடங்கிய, வானூர்தி-விண்வெளிப் பொறியாளர் அமைப்பான ஏஐஏஏவின் 'டிசைன் பில்ட் ஃப்ளை' ஆகிய போட்டிகளின் விதிகளே இதற்குச் சான்று. பின்னதில் விமானத்தை வடிவமைத்துக் கட்டுவோர் மாணவர்களாகவே இருக்க வேண்டும். ஓட்டுபவர் மட்டும் வெளியாளாக இருக்கலாம்.

டிசைன் பில்ட் ஃப்ளையில் விமானம் செய்ய வேண்டிய பணி ஆண்டுதோறும் மாறும். 2018-19இல் இறக்கை மடங்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு பதாகை இழுக்கச் சொன்னார்கள். ஆகவே பழைய வெற்றியை நகலெடுத்துப் பயனில்லை. இறக்கையை நீட்டினால் தூக்குவிசை கூடும். கூடவே எடையும், இறக்கை முறியும் அபாயமும் கூடும். பறக்கும் முன் நடக்கும் பரிசோதனையில், முழுச் சுமை ஏற்றிய விமானத்தை இரு இறக்கை நுனிகளிலும் பிடித்துத் தூக்குகிறார்கள். பால்சா மரச் சட்டங்களும் உள்ளே ஓடும் கார்பன் குழாயும் தாங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். மூக்கோ வாலோ தாழ்ந்தால் எடைச் சமநிலைக் கணக்கு தப்பு. எஸ்ஏஇ போட்டியின் ரெகுலர் பிரிவிலோ, எவ்வளவு எடை தூக்கும் என்பதை அணி முன்னரே எழுதித் தர வேண்டும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து தூக்குவிசையும் குறையும். அதற்கும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

பொம்மை விமானம் கட்டி நிஜ விமானத்தைக் கற்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய இறக்கையில், குறைந்த வேகத்தில், காற்று வேறு விதமாக நடந்துகொள்வது உண்மைதான். அதனாலேயே பயணிகள் விமானத்தின் இறக்கை வடிவத்தை அப்படியே சுருக்கி வைத்தால் பலிக்காது; குறைந்த வேகத்துக்கென உருவான எஸ்1223 போன்ற வடிவங்களை ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நகலெடுக்க வழியில்லாதபோது அடிப்படையைப் படித்தே ஆக வேண்டும். வடிவமைப்பு அறிக்கைக்கும் மதிப்பெண் தருவதால் எழுதத் தெரிந்தவர்களே ஜெயிப்பார்கள் என்ற வாதமும் நிற்காது. டிசைன் பில்ட் ஃப்ளையில் அறிக்கை மதிப்பெண்ணும் பறப்பு மதிப்பெண்ணும் பெருக்கப்படுகின்றன. ஒன்று சரிந்தால் மற்றதும் உதவாது. பணமுள்ள கல்லூரிக்குச் சாதகம் உண்டு என்பதை மறுக்க முடியாது. விலை உயர்ந்த கார்பன் பொருள்களை அவர்களால் வாங்க முடியும். ஆனால் சரியான கணிப்பை யாராலும் விலைக்கு வாங்க முடியாது.

எனவே, உங்களுக்குத் தெரிந்த மாணவர் அணி போட்டியிலிருந்து திரும்பினால், எத்தனை கிலோ தூக்கியது என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கிலோ தூக்கும் என்று சொல்லியிருந்தார்கள் என்பதையும் கேளுங்கள்.